பதினேழாம் எண் பூட்ஸ்

ஆகஸ்ட் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். என் முதுகைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தானின் இருமல் அடங்கியதா, இல்லை இன்னும் கீழே இருக்கும் சைக்கிள் கடைக்காரரைத் தூங்க விடாமல் செய்கிறதா?

ரயில் இங்கே வந்து நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மலைதான். எங்கள் கிடங்கு என்பது தண்டவாளத்தை ஒட்டிய தகரக் கொட்டகைகள். உள்ளே மாவு மூட்டை, மண்ணெண்ணெய் டின், கம்பளி, கட்டுத்துணி, குண்டுப் பெட்டி, எல்லாம் கூரை வரைக்கும் இருக்கிறது. சண்டை என்றால் ஊரில் எல்லோரும் துப்பாக்கியை நினைக்கிறார்கள். எனக்கு மூட்டைகளோடுதான் சண்டை. லாரி போகும் வரை லாரி, அதற்கு மேலே கோவேறு கழுதை. கழுதைக்குத் தீனி வேண்டும், அந்தத் தீனியையும் அதுவேதான் சுமக்க வேண்டும். முகாம் போய்ச் சேருவதற்குள் சுமையில் பாதியைத் தின்றுவிட்டு என்னை முறைக்கிறது. பனி விழுந்து பாதை மூடுவதற்குள் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதை மேலே ஏற்றியாக வேண்டும். மூடிய பிறகு ஆண்டவனே கேட்டாலும் ஒரு தீப்பெட்டி அனுப்ப முடியாது.

உன் பிள்ளை நெட்டை போன வாரம் இந்த வழியாகத்தான் மேல் முகாமுக்குப் போனான். என் கொட்டகையில் குனிந்துதான் நுழைந்தான், அப்படியும் தலையை இடித்துக்கொண்டான். "மாமா, என் சைஸுக்கு பூட்ஸ் இருக்கா?" என்று கேட்டான். இல்லை. பழைய ஜோடியிலேயே போயிருக்கிறான். அடுத்து உங்கள் தொழிற்சாலையிலிருந்து சரக்கு வரும் என்கிறார்கள், வந்ததும் அனுப்புகிறேன்.

இங்கே பூட்ஸ் வந்தால் ஒரு சடங்கு உண்டு. எந்தச் சரக்கானாலும் அதிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மற்றதை ரம்பத்தால் குறுக்கே அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கொலையைச் செய்பவன் நான்தான். ஜோடியைப் பிரிக்கிற பாவம் என்னை விடாது.

இதைப் பிரித்துப் படிக்கும் தணிக்கைக்காரருக்கும் என் வணக்கம்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

உன் கடிதத்தில் மை பூசிய இடம் ஒன்றுகூட இல்லை. கழுதை விஷயத்தைத் தணிக்கைக்காரரும் ரசித்திருப்பார் போலிருக்கிறது. உன் அத்தான் இருமல் அப்படியேதான். மருந்து கசப்பு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதியை ஜன்னல் வழியே கொட்டுகிறார், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நிற்கிற வேலைதானே, கால் மட்டும் வீங்குகிறது.

தொழிற்சாலையில் தலைக்கு மேல் வேலை. முன்பு ஒரு வாரத்தில் போன சரக்கு இப்போது இரண்டு நாளில் போக வேண்டும். லாரி வாசலிலேயே இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. நான் அதே கடைசி மேஜையில்தான் இருக்கிறேன். ஜோடியை எடுத்து, உள்ளே கையை விட்டுத் தடவி, அடியை வளைத்துப் பார்த்து, லேஸுக்கு அடியில் வரும் நாக்குத் தோலின் உள்பக்கம் என் பதினேழாம் எண்ணைக் குத்துகிறேன். இப்போது தடவ நேரமில்லை. மெழுகு நூல் வரத்து நின்றிருக்கிறது, அது ஒரு பெரிய கதை, விடு.

நெட்டையின் பாதம் உனக்குத் தெரியும், அப்படியே அவன் அப்பா பாதம். சின்ன வயதிலேயே ஈரத்தில் நின்றால் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். அவனை முகாமிலிருந்து இறக்கிவிடு என்று உன்னை நான் கேட்கவில்லை. ஒவ்வொரு அம்மாவும் அதைத்தான் கேட்பாள். அவன் காலை மட்டும் ஈரமாக இருக்க விடாதே, அது போதும்.

இன்னொன்று. நீ அந்த அறுத்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடாதே. யார் சரக்கு என்று பார்க்காமல் அறு. அக்கா சொன்னாளே என்று ஞாபகம் வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

செப்டம்பர் 20

அக்கா,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அத்தான் மருந்தைக் குடிக்க வேண்டும் என்று கூடுதலாக வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று ரயிலில் என்ன வந்தது சொல். உங்கள் சரக்கு! முதல் பெட்டியை உடைத்து ஒரு ஜோடியை எடுத்து நாக்கைத் திருப்பினால் பதினேழு. அடுத்த பெட்டி பதினேழு. எல்லாப் பெட்டியும் பதினேழு. கூட இருந்தவர்கள் இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள், நான் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புதுத்தோல் வாசனை. நீ வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது உன் புடவையில் அடிக்குமே, அதே வாசனை.

ரம்பத்தை எடுத்துவிட்டேன், பொய் சொல்லவில்லை. ஒரு பூட்ஸை மேஜையில் வைத்தும் விட்டேன். கை வரவில்லை அக்கா. சின்னப் பையனாக இருந்தபோது என் பள்ளிக்கூடச் செருப்பை நீதான் தைத்துக் கொடுப்பாய். ஒரு தையல் கோணினாலும் பிரித்து மறுபடி தைப்பாய், எனக்கு மணியடித்துவிடும். அந்தக் கையையா நான் சோதிப்பது? "எங்கக்கா நம்பர் இது, இதுல பார்க்க ஒண்ணுமில்ல" என்று சொல்லி ரம்பத்தை மாட்டிவிட்டேன். தணிக்கைக்காரர் இதைப் படித்தாலும் பரவாயில்லை, அவருக்கும் ஒரு அக்கா இருப்பார்.

அந்தச் சரக்கை எந்த முகாமுக்கு ஒதுக்குவது என்பது என் கையில்தான் இருந்தது. யோசிக்கவே இல்லை, மொத்தத்தையும் நெட்டை இருக்கும் மேல் முகாமுக்கு ஏற்றிவிட்டேன். அவன் சைஸும் இரண்டு ஜோடி இருந்தது. அங்கேதான் பனி அதிகம், அங்கே இருப்பவர்களுக்கு நல்லது போகட்டும். இந்த வேலையில் இவ்வளவு நாளாக மூட்டையைப் பார்த்தால் அலுப்புதான் வரும். முதல் தடவையாக ஒன்றை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

உடனே பதில் எழுது. உன் பாராட்டுக்குக் காத்திருக்கிறேன்.

தம்பி

*

அக்டோபர் 24

அன்புள்ள மச்சானுக்கு உன் அத்தான் எழுதுவது.

ஆசிகள். நான் எழுதி உனக்குப் பழக்கமிருக்காது, கையெழுத்தைக் கஷ்டப்பட்டுத்தான் படிக்க வேண்டும். என் உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

விஷயம் உன் அக்காவைப் பற்றி. உன் கடிதம் வந்த அன்று அவள் நின்றபடியே படித்தாள். அப்புறம் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் மருந்தை ஜன்னலில் கொட்டினால்கூடத் திட்டுவதில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. "பையனுக்கு ஏதாவதா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அவனுக்கு பூட்ஸ் போயிருக்கு" என்றாள். அது நல்ல செய்திதானே? அதற்கு ஏன் இப்படி?

பலமுறை தாளை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள், மூடிவிட்டாள். இன்று வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கேட்கச் சொன்னாள். மலைப்பாதை இன்னும் திறந்திருக்கிறதா? அவ்வளவுதான். ஏன் என்று கேட்டதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

தெரிந்தால் எனக்கும் சொல். இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

உன் அத்தான்

*

நவம்பர் 3

அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நலம். உங்கள் நலத்தை அத்தான் எழுதியதிலிருந்து தெரிந்துகொண்டேன், மனசு கஷ்டமாக இருக்கிறது.

பாதை மூடிவிட்டது. போன வாரமே பனி கொட்டிவிட்டது, கழுதைகளைக் கீழே கட்டிப்போட்டாயிற்று. இனி மாதம் ஒருமுறை சுமைகாரர்கள் சிலர் மருந்தையும் தபாலையும் முதுகில் கட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். ஆனால் அக்கா, கவலைப்பட என்ன இருக்கிறது? சரக்கெல்லாம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. மேலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். உன் பிள்ளையின் காலில் உன் பூட்ஸ் இருக்கிறது. என்னால் முடிந்ததைச் செய்தேன். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லையே என்று எனக்கு வருத்தம்தான், சொல்லாமல் இருப்பானேன்.

இங்கே குளிர் விரலைக் கடிக்கிறது. மேலே எப்படியிருக்கும் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

தம்பி

*

நவம்பர் 14

தம்பி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த பூட்ஸில் தையல் இல்லை.

மெழுகு நூல் நின்றுபோனபோது மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். அடித்தோலைப் பசை போட்டு ஒட்டி, சுற்றி ஆணி அடித்து, ஓரத்தில் பல் சக்கரத்தை ஓட்டச் சொன்னார். சக்கரம் ஓடினால் தையல் போட்ட மாதிரியே பள்ளம் விழும். வெளியிலிருந்து பார்த்தால் நானே ஏமாந்துவிடுவேன். "இது நனைஞ்சா பிளந்துடுமே" என்றேன். "இதுவும் இல்லைன்னா வெறுங்கால்ல நிப்பாங்க. முத்திரை குத்த இஷ்டமில்லாதவங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். உன் அத்தானின் இருமல் என் காதில் கேட்டது. குத்தினேன். அந்தச் சரக்குக்கு மட்டும் மூன்று வாரம் குத்தினேன்.

ஆனால் தம்பி, நான் வெறுமனே குத்தவில்லை. என் தம்பி அங்கே ரம்பத்தோடு உட்கார்ந்திருக்கிறான், ஒன்றை அறுப்பான், உள்ளே பார்ப்பான், மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான், அப்போது மேலாளர் நூல் வாங்கியே தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு குத்தினேன். உன்னை நம்பி நான் குத்தினேன். என்னை நம்பி நீ அறுக்கவில்லை. யாரை நான் திட்டுவது? உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து இதை எழுதத் தைரியம் இல்லாமல் இருந்தேன். பாதை மூடுவதற்குள் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேலை போய்விடும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தேன். பெற்ற பிள்ளை அங்கே நிற்கும்போதும் பயந்தேன்.

இனி புலம்பிப் பயனில்லை. பூட்ஸ் அனுப்ப முடியாது, கனம். நூல் அனுப்பலாம். குத்தூசி, தடித்த ஊசி, மெழுகு, நூல் எல்லாம் ஒருவர் முதுகில் அடங்கிவிடும். செய்முறையை எழுதுகிறேன்.

தணிக்கை ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இனி வருவதில் மை பூசாதீர்கள். என்னைப் பற்றி எழுதியதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

முதலில் பூட்ஸை அடுப்பு ஓரமாக வைத்துக் காயவிட வேண்டும், நெருப்புக்கு நேரே வைத்தால் தோல் வெடித்துவிடும். ஓரத்திலுள்ள அந்தப் பொய்ப் பள்ளத்திலேயே குத்தூசியால் துளை போட வேண்டும். துளைக்கும் துளைக்கும் ஒரு அரிசி நீளம். நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்து, இரு முனையிலும் ஒரு ஊசி கோக்க வேண்டும். ஒரே துளையில் ஒரு ஊசி மேலிருந்தும் மற்றது கீழிருந்தும் போக வேண்டும். ஒவ்வொரு தையலையும் இழுத்து இறுக்க வேண்டும், கை வலிக்கிறது என்று விடக்கூடாது. கடைசியில் மூன்று தையல் பின்னால் வந்து முடிச்சுப் போட்டு, மிச்ச மெழுகை ஓரமெல்லாம் உருக்கித் தடவ வேண்டும்.

பதினேழு என்ற எண் உள்ள எல்லா ஜோடிக்கும்.

அக்கா

*

டிசம்பர் 1

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் அன்று மாதிரிக்கு எடுத்து அறுக்காமல் மூலையில் போட்ட பதினேழைத் தேடி எடுத்து அறுத்தேன். செப்டம்பரில் செய்ய வேண்டியதை இப்போது செய்தேன். பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. கட்டைவிரலால் நெம்பினால் அடித்தோல் தனியாக வந்துவிட்டது. கோபத்தில் உனக்கு என்னவெல்லாமோ எழுதி, கிழித்துப் போட்டேன். நீ ஆகஸ்டிலேயே அறு என்று சொல்லியிருக்கிறாய். அதை நீ வேடிக்கைக்குச் சொன்னாய் என்று நினைத்தேன்.

தணிக்கைக்காரர் உன் கடிதத்தில் ஒரே இடத்தில்தான் மை பூசியிருந்தார். கடைசி வரியில், உன் எண்ணின் மேல். செய்முறையில் ஒரு புள்ளிகூட அழியவில்லை.

எங்கள் கிடங்கில் சேணம் தைப்பவர் ஒருவர் இருக்கிறார். ஏன் எதற்கு என்று கேட்காமல் குத்தூசியும் நூலும் எடுத்துக் கொடுத்தார். நாலு நாள் முன்பு கிளம்பிய சுமைகாரர்களிடம் கொடுத்தனுப்பினேன். மருந்துக் கூடையில் இடமில்லை என்றார்கள். என் கம்பளியைக் கொடுத்து இடம் வாங்கினேன். மேலே ஒரு தொலைபேசிக் கம்பி போகிறது, காற்று இல்லாத நேரத்தில் பேசலாம். உன் செய்முறையை வரி வரியாகச் சொல்ல, அங்கே ஒருவர் எழுதிக்கொண்டார். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. "துளைக்கும் துளைக்கும் ஒரு அரிசி நீளம்" என்று நான் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "மாமா, அது எங்கம்மா பேச்சு" என்றான் நெட்டை.

மேலே எல்லோரும் நலம்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

டிசம்பர் 19

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளியைக் கொடுத்துவிட்டு நீ என்ன செய்கிறாய் என்று எழுதவில்லையே.

"மேலே எல்லோரும் நலம்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். கழுதை என்ன சாப்பிட்டது என்று அரைப் பக்கம் எழுதுகிறவன் நீ. அந்த வரியை மட்டும் தனியாக விட்டுவிட்டு ஓடிப்போயிருக்கிறாய். எவ்வளவு பெரியது என்று சொல். விரலா, காலா, உயிரா? நான் தாங்குவேன். சொல்லாமல் இருந்தால்தான் தாங்க மாட்டேன். அதை நான் இந்த வருஷம் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்துபோய் மருந்து பாட்டிலை எடுத்து, முகத்தைச் சுளிக்காமல் ஒரு வேளை மருந்தைக் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

மேலிடத்துக்கு நீ எழுது. எண்ணோடு எழுது. தணிக்கைக்காரர் என் மேல் இரக்கப்பட்டு மை பூசியிருக்கிறார், அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை மறைத்தால் அடுத்த லாரியும் இப்படித்தான் கிளம்பும். இன்றைக்கும் எங்களிடம் நூல் இல்லை. இன்றைக்கும் சக்கரம் ஓடுகிறது. போன மாதத்திலிருந்து நான் முத்திரை குத்த மாட்டேன் என்று நிற்கிறேன். என்னைத் தோல் கழுவும் இடத்துக்கு மாற்றிவிட்டு, அந்த மேஜையில் ஒரு புதுப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள். அவளும் பதினேழுதான் குத்துகிறாள்.

அக்கா

*

ஜனவரி 11

அக்கா,

எழுதிவிட்டேன். உன் எண்ணை எழுதினேன். அதற்கு மேலே என் பெயரை எழுதினேன். அறுக்க வேண்டியதை அறுக்காமல் ஏற்றுக்கொண்டவன் நான் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு, "இதை நீ எழுதியிருக்கவே வேண்டாமே, பனியில கால் போறது வழக்கம்தானே" என்றார். வழக்கம்தான் ஐயா என்றேன். அப்புறம் என் பதவிப் பட்டையைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றிக் கொடுத்தேன். வேலையைப் பிடுங்கவில்லை. எந்த மூட்டை எங்கே கிடக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது.

இப்போது நீ கேட்டது. நூல் போய்ச் சேருவதற்கு முன்பே அவனுக்குக் கால் கெட்டிருந்தது. தொலைபேசியில் அன்றே சொன்னான், உன்னிடம் சொல்லாதே என்றும் சொன்னான். இடது காலில் இரண்டு விரல். சுமைகாரர்கள் திரும்பும்போது அவனை இறக்கிக் கொண்டுவந்தார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறான், நான் தினமும் பார்க்கிறேன். உயிருக்கு ஒன்றுமில்லை.

மேலே அவன் மட்டும் இல்லை, அக்கா. முகாமின் சமையல்காரருக்குப் பாதி பாதம் போய்விட்டது, அவனோடுதான் அவரையும் இறக்கினார்கள். நாள் முழுவதும் பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கிறவர், ஈரத்திலேயே நிற்பவர். இன்னும் நாலைந்து பேருக்கு விரல்கள். மற்றவர்கள் தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அது தாங்குகிறதாம். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்று நீதான் கேட்டாய்.

எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் காலையில் ரயில் வந்துவிடுகிறது.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

*

பிப்ரவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்பாவும் எப்படி? இங்கே கட்டில் எனக்குச் சின்னது. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நர்ஸம்மா தினமும் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறார்.

மாமா தன் மேல் பழி போட்டுக்கொள்கிறார். நீ உன் மேல் போட்டுக்கொள்வாய் என்று தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

முதல் வாரத்திலேயே என் பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. அப்போது பாதை திறந்துதான் இருந்தது. கெட்டுப்போன ஒன்றைக் கீழே அனுப்பினால் போதும், மொத்தத்தையும் மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் எண்ணோடு அனுப்ப வேண்டும், அந்த எண்காரரைப் பிடிப்பார்கள். நாக்கைத் திருப்பிப் பார்த்தேன். அந்த முத்திரைக் கட்டையை வைத்துத்தானே அம்மா நான் சின்ன வயதில் சுவரெல்லாம் பதினேழு குத்தி உன்னிடம் அடி வாங்கினேன்.

கம்பியால் கட்டிக்கொண்டு நடந்தேன். மற்றவர்களுடையதும் பிளக்க ஆரம்பித்தது. எல்லோருடைய பூட்ஸுக்கும் நானே எண்ணெய் தடவித் தருகிறேன் என்று வாங்கி, கத்தியால் எண்ணைச் சுரண்டிவிட்டேன். "நெட்டைக்கு எவ்வளவு நல்ல மனசு" என்றார்கள். புகார் கொடுக்கலாம் என்று சமையல்கார அண்ணன்தான் சொன்னார். இதெல்லாம் பனியில் சகஜம், கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அப்புறம் பாதை மூடிவிட்டது.

அவர் இப்போது பக்கத்துக் கட்டிலில் இருக்கிறார். போன வாரம் அவரிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

அம்மா, என் இரண்டு விரலுக்காக நீ அழாதே. அது நானே செய்துகொண்டது. அவருடைய காலுக்கு என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் நெட்டை

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? குளிர் போயிருக்கும், கம்பளி இல்லாமல் எப்படிச் சமாளித்தாய் என்று நெட்டை சொன்னான். சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தாயாமே. புதுக் கம்பளி ஒன்று தனியாக வருகிறது. இதையும் யாருக்காவது கொடுத்துவிடாதே.

அவன் வந்து சேர்ந்துவிட்டான். மாடிப்படியில் அவன் காலடிச் சத்தம் மாறிப்போயிருக்கிறது. ஒரு கால் அழுத்தி விழுகிறது, மற்றது யோசித்து விழுகிறது. கதவைத் திறந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்காக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். "குனிஞ்சு வாடா, நிலை இடிக்கும்" என்றுதான் வாயில் வந்தது. இடித்துக்கொண்டான். மூன்று பேரும் சிரித்தோம், அப்புறம் நான் அழுதேன். எண்ணை ஏண்டா சுரண்டினாய் என்று இன்னும் அவனைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் குத்தினேன், நீ அறுக்கவில்லை, அவன் சுரண்டினான். ஒருவர் மேல் ஒருவர் வைத்த பாசத்துக்கு யாரோ ஒரு சமையல்காரர் பாதத்தைக் கொடுத்திருக்கிறார்.

விசாரணைக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். மேலாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நூல் வந்துவிட்டது. என்னைப் பிடித்துப்போவார்கள் என்று மாற்றுப் புடவையோடு போயிருந்தேன். பெரியவர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, தைக்கத் தெரிந்த ஆள் குறைவு என்று சொல்லி, சம்பளத்தைக் குறைத்துத் தையல் மேஜையில் உட்கார வைத்துவிட்டார். உன் பட்டையும் என் மேஜையும் போயின. வேலை மட்டும் நம்மை விடவில்லை.

சமையல்காரரின் கால் அளவை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டு வாங்கினேன். பாதி பாதத்துக்கு ஏற்றபடி முன்பக்கம் கம்பளி அடைத்து ஒரு ஜோடி தைத்தேன். இயந்திரம் தொடவில்லை. அனுப்பிவிட்டேன். அதில் என் பெயரையும் எழுதினேன். போட்டுக்கொள்வாரா, தூக்கி எறிவாரா தெரியாது. எறிந்தாலும் அது நியாயம்தான்.

அடுத்த மாதம் உங்கள் கிடங்குக்கு எங்கள் சரக்கு வருகிறது. இனி தைக்கிறவரின் எண்ணைத்தான் குத்த வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். பதினேழு மறுபடி என் கையில் வந்திருக்கிறது. ஒவ்வொரு ஜோடியும் நானே தைத்தது, ஒவ்வொரு தையலும் இழுத்து இறுக்கியது. புதுத்தோல் வாசனை அடிக்கும். முகர்ந்து பார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் பெட்டியில் முதல் ஜோடியை எடுத்து அறு.

அக்கா